ஒரு புறநகருக்குப் போக்குவரத்து நிதி எப்படிக் கிடைக்கிறது? ஃப்ரீமான்ட் நகரை முன்வைத்து ஓர் எளிய விளக்கம்

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில், இர்விங்டன் என்னும் பகுதியில், வாஷிங்டன் புல்வார்டு சாலை மேம்பாலமாக உயர்ந்து ரயில் பாதையைக் கடக்கிறது. மாலை வேளையில் அந்தப் பாலத்தின் மேல் நடந்து போனால், சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியின் நகர ரயிலான பார்ட் கீழே விரைந்து செல்வதைப் பார்க்கலாம். பக்கத்திலேயே, ஆஸ்குட் சாலையை ஒட்டி, பழைய ஒயின் ஆலை ஒன்றின் இடிந்த சுவர்கள் நிற்கின்றன. அந்த இடத்தில் ஒரு ரயில் நிலையம் வர வேண்டும் என்று நகரத்தின் திட்டங்களில் பல ஆண்டுகளாக எழுதப்பட்டிருக்கிறது. ரயில் ஓடுகிறது, தண்டவாளம் இருக்கிறது, இடமும் இருக்கிறது. ஆனாலும் இந்தக் கட்டுரையை எழுதும் இன்றுவரை ரயில் அங்கே நிற்பதில்லை.

ஃப்ரீமான்ட்டிலும் அதன் சுற்றுப்புறத்திலும் தமிழ்க் குடும்பங்கள் நிறையவே வசிக்கின்றன. நாலு பேர் கூடும் இடங்களில், "இவ்வளவு பணக்கார ஊர், ஒரு நிலையம் கட்ட முடியாதா?" என்ற கேள்வியைப் பலமுறை கேட்டிருக்கிறேன். நியாயமான கேள்விதான். அதற்கு விடை தேடப் போனால், அமெரிக்காவில் ஒரு புறநகர் நகரம் தன் போக்குவரத்துத் திட்டங்களுக்கு எப்படிப் பணம் திரட்டுகிறது என்னும் முழுக் கதையையும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. தேவை இருக்கிறது என்பதற்காக மட்டும் பணம் வந்துவிடுவதில்லை. தன் கையிலிருந்து ஒரு பங்கை முதலில் எடுத்து வைத்து, உரிய பட்டியலில் பெயரையும் சேர்த்து, வேலையைத் தொடங்கும் நிலையில் ஆயத்தமாக நிற்கும் நகரத்துக்குத்தான் பணம் வருகிறது. இர்விங்டன் நிலையம் தாமதமானதற்கும் இதுவே காரணம்.

முதலில் ஊரைப் பற்றிச் சில சொற்கள். சென்டர்வில், இர்விங்டன், மிஷன் சான் ஹோசே, நைல்ஸ், வார்ம் ஸ்பிரிங்ஸ் ஆகிய ஐந்து சிற்றூர்கள் 1956-இல் ஒன்றுசேர்ந்து ஃப்ரீமான்ட் நகரம் ஆயின. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 2.3 லட்சம் பேர் இங்கே வசிக்கிறார்கள். வடக்கே ஓக்லாந்து, தெற்கே சான் ஹோசேவும் சிலிக்கான் பள்ளத்தாக்கும். மேற்கே டம்பார்ட்டன் பாலத்தைக் கடந்தால் மென்லோ பார்க். 880, 680 என்னும் இரண்டு பெரிய நெடுஞ்சாலைகள் ஊரின் ஊடே போகின்றன.

இந்த இடத்தில்தான் 'பிராந்தியப் போக்குவரத்து' என்ற சொல்லின் பொருள் விளங்குகிறது. கிழக்கே மலைகளுக்கு அப்பால், வீட்டு விலை குறைவாக இருக்கும் ஊர்களில் குடியிருப்பவர்கள் காலையில் 680 வழியாகச் சிலிக்கான் பள்ளத்தாக்குக்கு வேலைக்குப் போகிறார்கள். நெடுஞ்சாலையில் நெரிசல் கூடும்போது, கைப்பேசிச் செயலி காட்டும் குறுக்கு வழியைப் பிடித்து மிஷன் சான் ஹோசேயின் குடியிருப்புத் தெருக்களுக்குள் இறங்கிவிடுகிறார்கள். பள்ளிக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் நேரமும் அதுவே. நெரிசல் நேரங்களில் சில திருப்பங்களைத் தடை செய்து நகரம் சமாளித்துப் பார்த்தது. ஆனால் அந்த வண்டிகளில் இருப்பவர்களில் பலர் ஃப்ரீமான்ட்டில் வசிப்பவர்களும் அல்லர், அங்கே வேலை பார்ப்பவர்களும் அல்லர். சிக்கல் ஊருக்குள் நிகழ்கிறது; அதன் காரணமும் தீர்வும் ஊருக்கு வெளியே இருக்கின்றன. அப்படியானால் செலவை யார் ஏற்பது?

நகரமே முழுச் செலவையும் ஏற்க முடியாததற்கு 1978-இல் கலிஃபோர்னிய வாக்காளர்கள் நிறைவேற்றிய 13-ஆம் முன்மொழிவு ஒரு பெரிய காரணம். அந்தச் சட்டம் சொத்து வரியை மதிப்பீட்டில் 1 சதவீதத்துக்கு மேல் போகாமல் கட்டுப்படுத்தியது. வீடு கைமாறும் வரை அந்த மதிப்பீடும் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் உயரக்கூடாது என்றது. கிடைக்கும் வரியையும் கவுண்டி (நம் ஊர் மாவட்டத்தைப் போன்ற ஆட்சிப் பிரிவு), பள்ளிகள், நகரம் ஆகியவை பங்கிட்டுக்கொள்ள வேண்டும். நகரத்தின் பங்கில் பெரும்பகுதி காவல் துறைக்கும் தீயணைப்புத் துறைக்கும் போய்விடுகிறது. மிஞ்சுவதைக் கொண்டு சாலைக் குழிகளை அடைக்கலாம். ரயில் பாதை போட முடியாது. குறிப்பிட்ட நோக்கத்துக்காகப் புதிய வரி போட வேண்டுமானால், வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையும் அதே சட்டத்திலிருந்து வந்ததுதான். இந்த மூன்றில் இரண்டு பங்கு பின்னால் மீண்டும் வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலில் பெயர்

அமெரிக்க மத்திய அரசின் போக்குவரத்துப் பணம் நேரடியாக நகர மன்றத்தின் கணக்குக்கு வந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். சில போட்டி மானியங்களில் அது உண்மை. பெரும்பகுதி அப்படி வருவதில்லை. ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வசிக்கும் ஒவ்வொரு நகர்ப்புறத்துக்கும் ஒரு பிராந்தியத் திட்டமிடல் அமைப்பு இருக்க வேண்டும் என்று மத்தியச் சட்டம் கூறுகிறது. விரிகுடாப் பகுதிக்கு அந்த அமைப்பு, 1970-இல் மாநிலச் சட்டமன்றம் உருவாக்கிய பெருநகரப் போக்குவரத்து ஆணையம். அதன் ஆங்கிலச் சுருக்கம் எம்.டி.சி. சென்னையில் வளர்ந்தவர்களுக்கு அந்த மூன்று எழுத்துகள் மாநகரப் பேருந்தை நினைவூட்டும்; இந்த எம்.டி.சி பேருந்து எதையும் ஓட்டுவதில்லை. ஒன்பது கவுண்டிகளுக்கும் 101 நகரங்களுக்கும் இடையே பணத்தை எதற்கு, எப்போது, யாருக்கு என்று முடிவு செய்வதே அதன் முதன்மையான வேலை.

இந்த ஆணையம் இரண்டு ஆவணங்களைத் தயாரிக்கிறது. ஒன்று, குறைந்தது இருபது ஆண்டுகளுக்கான நெடுந்திட்டம். 2021-இல் ஏற்கப்பட்ட பிளான் பே ஏரியா 2050 அப்படிப்பட்ட ஒரு திட்டம். மற்றொன்று, அடுத்த நான்கு ஆண்டுகளில் மத்திய அரசின் பணத்தைப் பெறவிருக்கும் வேலைகளையும் பிராந்திய முக்கியத்துவம் உள்ள வேலைகளையும் வரிசைப்படுத்தும் போக்குவரத்து மேம்பாட்டுப் பட்டியல். ஒரு திட்டத்தின் பெயர் இந்த இரண்டிலும் இல்லையென்றால், அது எவ்வளவு நல்ல திட்டமானாலும் மத்திய அரசின் பணத்தில் ஒரு டாலரைக்கூடச் செலவிட முடியாது.

இந்தப் பட்டியல் ஆசைகளின் தொகுப்பாக இருந்துவிடக்கூடாது என்பதிலும் சட்டம் கண்டிப்பாக இருக்கிறது. வரும் என்று நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய வருவாய்க்குள் அடங்கும் திட்டங்களை மட்டுமே அதில் எழுதலாம். ஆகவே ஃப்ரீமான்ட்டின் ஒரு மேம்பாலச் சந்திப்பு உள்ளே வரவேண்டுமானால், வேறோர் ஊரின் ஏதோ ஒன்று வெளியே போக வேண்டியிருக்கலாம். இதனால்தான் நகர மேயர்களும் மன்ற உறுப்பினர்களும் பிராந்தியக் கூட்டங்களுக்கு விடாமல் போகிறார்கள். பக்கத்து ஊர்களான நியூவார்க், யூனியன் சிட்டி ஆகியவற்றோடு நல்லுறவு வைத்திருப்பது மரியாதைக்காக மட்டும் செய்யும் காரியமன்று. அவர்களுடைய ஆதரவுக் கடிதம் இல்லாத விண்ணப்பம் வலுவிழந்து நிற்கும்.

ஆணையம் பணத்தோடு நிபந்தனைகளையும் சேர்த்தே தருகிறது. 2012 முதல் நடந்துவரும் ஒன் பே ஏரியா மானியத் திட்டத்தில், வீட்டு வசதிக்கான நகரத்தின் திட்டத்தை மாநில அரசு ஏற்றிருந்தால்தான் சாலைக்கும் நடைபாதைக்கும் பணம் கேட்க முடியும். வீடு வேறு, சாலை வேறு என்று நினைப்பவர்களுக்கு இது விநோதமாகத் தோன்றலாம். எனக்கு இது சரியென்றே படுகிறது. வேலை பார்க்கும் இடத்தருகே வீடு கட்ட அனுமதிக்காத ஊர்கள்தாம் மலைக்கு அப்பாலிருந்து வரும் நெரிசலை உண்டாக்குகின்றன.

அரைக் காசு வரி

விரிகுடாப் பகுதியில் பெரிய திட்டங்களின் உயிர்நாடி மத்திய அரசின் பணம் என்பதைவிடக் கவுண்டியின் விற்பனை வரி என்பதே பொருத்தம். ஃப்ரீமான்ட் இருப்பது அலமேடா கவுண்டியில். அங்கே 1986-இல் வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட மெஷர் பி என்னும் தீர்மானம், டாலருக்கு அரை சென்ட் விற்பனை வரியைப் போக்குவரத்துக்கென்று ஒதுக்கியது. அது 15 ஆண்டுகளுக்கு மட்டுமே. அதை நீட்டிக்கும் முயற்சி 1998-இல் தோற்று, 2000-இல் வென்றது. இரண்டாம் முறை 81.5 சதவீதம் பேர் ஆதரித்தார்கள்.

நுகர்வோர் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்த வரி எப்படி இருக்கும்? கலிஃபோர்னியாவில் சமையலுக்கு வாங்கும் மளிகைப் பொருள்களுக்கு விற்பனை வரி இல்லை. ஆகவே இந்தியக் கடையில் அரிசி, பருப்பு, புளி வாங்கும்போது இந்த வரியைச் செலுத்துவதில்லை. அதே ரசீதில் ஒரு குக்கரும் சேர்ந்திருந்தால் அதற்குச் செலுத்துகிறீர்கள். நூறு டாலர் குக்கருக்கு அரை சென்ட் வரி என்றால் 50 சென்ட். ஒருவருக்கு அது பெரிய சுமையாகத் தெரிவதில்லை. கவுண்டி முழுவதும் திரளும்போது ஆண்டுக்குப் பல கோடி டாலராகிறது. வாங்குபவர் ஏழையானாலும் செல்வந்தரானாலும் விற்பனை வரி ஒரே விகிதத்தில் விழுகிறது என்ற குறை உண்மையானது. இந்த முறையை ஆதரிப்பவர்கள் அதை மறைக்கக்கூடாது. அப்படியிருந்தும் இது நிலைத்திருப்பதற்குக் காரணம், வாக்காளரிடம் திட்டங்களின் பெயரைச் சொல்லிக் கேட்கிறது என்பதே. எந்த ரயில் பாதைக்கு எவ்வளவு, எந்தச் சந்திப்புக்கு எவ்வளவு, ஒவ்வொரு நகரத்தின் தெருப் பராமரிப்புக்கு எவ்வளவு என்று செலவுத் திட்டம் முன்கூட்டியே அச்சிடப்பட்டு வாக்காளர் கைக்கு வந்துவிடுகிறது. செலவை மேற்பார்க்கக் குடிமக்கள் குழு ஒன்றும் இருக்கிறது.

அந்தச் செலவுத் திட்டத்தை எழுதும் இடத்தில் ஒரு நகரம் எப்படி இடம்பெறுகிறது என்பதும் முக்கியம். 2010-இல் இரண்டு பழைய அமைப்புகளை இணைத்து அலமேடா கவுண்டி போக்குவரத்து ஆணையம் உருவாயிற்று. அதன் ஆட்சிக் குழுவில் 22 பேர். கவுண்டி மேற்பார்வையாளர்கள் ஐவர், 14 நகரங்களின் பிரதிநிதிகள், ஓக்லாந்துக்குக் கூடுதலாக ஓர் இடம், இரண்டு பொதுப் போக்குவரத்து நிறுவனங்களுக்குத் தலா ஓர் இடம். ஃப்ரீமான்ட் கவுண்டியின் பெரிய நகரங்களுள் ஒன்றானாலும் அங்கே தனித்து எதையும் சாதிக்க முடியாது. வடக்கே இருப்பவர்கள் பேருந்தையும் சைக்கிள் பாதையையும் கேட்பார்கள். கிழக்கே இருப்பவர்கள் நெடுஞ்சாலையைக் கேட்பார்கள். எல்லோருக்கும் ஏதோ ஒன்று இருக்கும்படி பட்டியலை அமைத்தால்தான் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைக்கும்.

அது எவ்வளவு கடினம் என்பதை 2012 நவம்பர் தேர்தல் காட்டியது. பழைய அரை சென்ட்டோடு இன்னோர் அரை சென்ட்டைச் சேர்த்து, இரண்டையும் காலவரம்பின்றித் தொடர வேண்டும் என்று கேட்ட மெஷர் பி1 தீர்மானத்துக்கு 66.53 சதவீத ஆதரவு கிடைத்தது. தேவைப்பட்டது 66.67 சதவீதம். 721 வாக்குகள் குறைந்தன. மூன்றில் இரண்டு பங்குக்கு மயிரிழையில் குறைவான மக்கள் சரி என்று சொல்லியும், முப்பது ஆண்டு வேலைத் திட்டம் அப்படியே நின்றுபோயிற்று. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2014-இல், அதே கோரிக்கையை மெஷர் பிபி என்ற பெயரில் மீண்டும் கொண்டுவந்தார்கள். இந்த முறை காலவரம்பு வைத்தார்கள்: வரி 2045 மார்ச்சோடு முடியும். 70.76 சதவீத ஆதரவோடு அது வென்றது. முப்பது ஆண்டுகளில் சுமார் 800 கோடி டாலர் திரளும் என்ற கணக்கில், அதில் 12 கோடி டாலர் இர்விங்டன் நிலையத்துக்கென்று பெயர் சொல்லி எழுதப்பட்டது. தோற்ற பின் அந்தத் திட்டத்தைக் கைவிடாமல், வாக்காளரின் தயக்கம் எங்கே இருந்தது என்று கேட்டுத் திருத்திக் கொண்டுவந்தவர்களை நான் மதிக்கிறேன்.

மற்ற ஊற்றுகள்

பெட்ரோல் வரி எல்லோருக்கும் தெரிந்த ஊற்று. ஆனால் அது வற்றிக்கொண்டிருக்கிறது. மத்திய அரசின் பெட்ரோல் வரி கேலனுக்கு 18.4 சென்ட். 1993-க்குப் பிறகு அது உயர்த்தப்படவே இல்லை. இந்த முப்பது ஆண்டுகளில் தார், இரும்பு, கூலி எல்லாம் ஏறிவிட்டன. வண்டிகளோ குறைந்த எரிபொருளில் அதிக தூரம் ஓடுகின்றன. ஃப்ரீமான்ட்டிலேயே உள்ள டெஸ்லா தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் கார்கள் பெட்ரோல் போடுவதே இல்லை. மாநில அரசு 2017-இல் எஸ்.பி.1 என்ற சட்டத்தின் வழியே தன் பெட்ரோல் வரியைக் கேலனுக்கு 12 சென்ட் உயர்த்தியது. புதிய மின்சாரக் கார்களுக்கு ஆண்டுதோறும் சாலைக் கட்டணமும் வைத்தது. அடுத்த ஆண்டே அதை ரத்து செய்யும் முன்மொழிவு வாக்கெடுப்புக்கு வந்து தோற்றது. இந்தப் பணத்தில் ஒரு பகுதி ஒவ்வொரு நகரத்துக்கும் பங்கிடப்படுகிறது. தெருவுக்குப் புதுத் தார் போடுவது பெரும்பாலும் இதனால்தான்.

பாலச் சுங்கம் இன்னொன்று. 2018 ஜூனில் ஒன்பது கவுண்டிகளிலும் சேர்த்து நடந்த வாக்கெடுப்பில் வென்ற ரீஜனல் மெஷர் 3, மாநிலத்துக்குச் சொந்தமான ஏழு பாலங்களில் சுங்கத்தை மூன்று தவணைகளில் மொத்தம் 3 டாலர் உயர்த்தியது. 2019 தொடங்கி வசூல் நடந்தாலும், வழக்கு முடியும்வரை அந்தப் பணத்தைத் தொட முடியவில்லை. 2023 ஜனவரியில்தான் தடை நீங்கியது. வாக்கெடுப்பில் வென்ற பிறகும் நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருக்கலாம் என்பதைத் திட்டமிடுபவர்கள் மறப்பதில்லை.

நெடுஞ்சாலையின் கட்டணத் தடங்களும் ஓரளவு வருவாய் தருகின்றன. 680-இல் தெற்கு நோக்கிய தடம் 2010-இலும் வடக்கு நோக்கியது 2020-இலும் திறக்கப்பட்டன.

நகரம் தானே திரட்டக்கூடிய பணம் என்று பார்த்தால், புதிய கட்டடங்களிடமிருந்து வாங்கும் தாக்கக் கட்டணம் முதன்மையானது. நூறு வீடுகள் புதிதாக வந்தால் சாலையில் அதற்கேற்ப வண்டிகள் கூடும். அந்தக் கூடுதல் சுமைக்கு ஈடாகக் கட்டுபவரிடம் ஒரு தொகை பெறலாம் என்பது இதன் அடிப்படை. ஆனால் ஏற்கெனவே இருந்த நெரிசலைத் தீர்க்க இதைப் பயன்படுத்த முடியாது. 2024 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இன்னொரு படி மேலே போயிற்று. எல் டொராடோ கவுண்டியில் ஒரு வீட்டுக்கு 23,420 டாலர் போக்குவரத்துக் கட்டணம் கேட்கப்பட்ட வழக்கில், சட்டத்தின் வழியே பொதுவாக விதிக்கப்பட்ட கட்டணமானாலும், கட்டணத்துக்கும் கட்டடம் உண்டாக்கும் பாதிப்புக்கும் உள்ள தொடர்பு பற்றிய அரசியல் சாசனச் சோதனையிலிருந்து அதற்கு விலக்கு இல்லை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அன்றுமுதல் நகரங்கள் தங்கள் கட்டணக் கணக்கை முன்னைவிட நுணுக்கமாகப் போட வேண்டியிருக்கிறது.

நகரத்தின் பங்கு ஏன் முக்கியம்

இந்தச் சிறிய உள்ளூர்ப் பணம்தான் பெரிய பணத்தை இழுத்து வருகிறது. கலிஃபோர்னியாவில் மத்திய அரசின் வழக்கமான சாலை நிதியைப் பெறும் திட்டத்துக்கு 11.47 சதவீதத்தை மத்திய அரசு சாராத ஊற்றிலிருந்து போட வேண்டும். ஒரு கோடி டாலர் வேலை என்றால் 11,47,000 டாலர் நகரத்தின் பக்கத்திலிருந்து வர வேண்டும். இது மிகக் குறைந்த அளவுதான். போட்டி மானியங்களில் கூடுதல் பங்கு கொடுப்பவர்களுக்கே வாய்ப்பு அதிகம். மெஷர் பிபி-யிலிருந்து நகரத்துக்குத் தெருப் பராமரிப்புக்கென்று வரும் தொகையையும் தாக்கக் கட்டணத்தையும் இங்கே பங்காக வைக்கலாம்.

புதிதாகப் படிப்பவர்கள் தவறவிடும் ஒரு செய்தி உண்டு. மானியம் 'கிடைத்தது' என்று செய்தி வந்தாலும் பணம் உடனே கைக்கு வருவதில்லை. மத்திய அரசின் சாலை நிதி பெரும்பாலும் செலவு செய்த பின் திருப்பித் தரப்படுவது. ஒப்பந்ததாரருக்கு நகரம் தன் பணத்தைக் கொடுக்கிறது. பிறகு ரசீதுகளோடு கேட்டு வாங்குகிறது. அதற்கும் முன்னே, வேலையைத் தொடங்கலாம் என்னும் அனுமதி வர வேண்டும். கலிஃபோர்னியாவில் பொறியாளர்கள் அதை 'இ-76' என்றே அழைக்கிறார்கள். அந்தத் தாள் வருவதற்கு முதல் நாள் செய்த வேலைக்குக்கூடப் பணம் திரும்பாது. மறுபுறம், குறித்த கெடுவுக்குள் வேலையைத் தொடங்காவிட்டால் ஒதுக்கிய பணம் வேறு ஊருக்குப் போய்விடும். ஆகவே முன்கூட்டித் தொடங்கவும் முடியாது, தாமதிக்கவும் முடியாது. இந்த இடைவெளியில் சரியாக நடக்க அனுபவமுள்ள பொறியாளர்களும் கணக்காளர்களும் நகரத்தில் வேண்டும். சிறிய ஊர்கள் பல நேரங்களில் தோற்பது இந்த இடத்தில்தான். திட்டம் மோசமானது என்பதால் அல்ல, தாள்களைப் பார்க்க ஆள் இல்லை என்பதால்.

சுற்றுச்சூழல் ஆய்வும் வரைபடமும் முடித்து வைத்திருக்கும் நகரத்துக்கு இன்னொரு வசதி உண்டு. 2021 நவம்பரில் 1.2 லட்சம் கோடி டாலர் உள்கட்டமைப்புச் சட்டம் கையெழுத்தானபோது, சாலைப் பாதுகாப்புக்கென்று மட்டும் ஐந்து ஆண்டுகளுக்கு 500 கோடி டாலர் புதிய மானியம் வந்தது. நகரங்களே நேரடியாக விண்ணப்பிக்கலாம். ஆனால் கட்டுமானத்துக்குப் பணம் கேட்க, தகுதியுள்ள பாதுகாப்புச் செயல்திட்டம் ஒன்று முன்பே இருந்திருக்க வேண்டும். சாலை மரணங்களை ஒழிக்கும் விஷன் ஜீரோ கொள்கையை ஃப்ரீமான்ட் 2015-லேயே ஏற்றுக்கொண்டு வேலையில் இறங்கியிருந்தது. பணம் வரும் என்று தெரிந்து அப்போது யாரும் அதைச் செய்யவில்லை.

8.7 கிலோமீட்டர்

இனி இர்விங்டனுக்குத் திரும்புவோம். பார்ட் ரயில் 1972 செப்டம்பரில் ஓடத் தொடங்கியபோது அதன் தெற்குக் கடைக்கோடி ஃப்ரீமான்ட் நிலையம். அங்கிருந்து வார்ம் ஸ்பிரிங்ஸ் வரை வெறும் 8.7 கிலோமீட்டர். அந்த நீட்டிப்பு திறக்கப்பட்டது 2017 மார்ச் 25-இல்; 45 ஆண்டுகள் ஆயின. எலிசபெத் ஏரியின் அடியில் சுரங்கம் அமைத்துப் பாதை போட வேண்டியிருந்தது. மொத்தச் செலவுத் திட்டம் 89 கோடி டாலர். கவுண்டி விற்பனை வரி, பாலச் சுங்கம், மாநில நிதி என்று பல கைகள் சேர்ந்து அதைத் தூக்கின.

இத்தனைக்கும் அந்த நீட்டிப்பின் முழுப் பயன் ஃப்ரீமான்ட்டின் கையில் இல்லை. வார்ம் ஸ்பிரிங்ஸுக்குத் தெற்கே சான்டா கிளாரா கவுண்டி தொடங்குகிறது. அது பார்ட் வரி வட்டாரத்தில் சேராத கவுண்டி. அங்குள்ள வாக்காளர்கள் 2000-இல் தங்கள் கவுண்டிக்கென்று அரை சென்ட் வரியை ஒப்புக்கொண்டு, அதைக் கொண்டு ரயிலைத் தங்கள் பக்கம் இழுக்க முடிவு செய்த பிறகுதான் வார்ம் ஸ்பிரிங்ஸ் பாதைக்கு வலு வந்தது. மில்பிடாஸ், பெரியேசா வரையிலான அடுத்த கட்டத்துக்குச் சுமார் 230 கோடி டாலர் ஆயிற்று. அதில் 90 கோடியை மத்திய அரசு தந்தது. தங்கள் வரிப் பணத்தை முதலில் மேசைமேல் வைத்த ஊர்களுக்கே அந்த 90 கோடி வந்தது. அந்தப் பகுதி 2020 ஜூன் 13-இல் திறக்கப்பட்டது.

இந்தப் பாதையின் நடுவே இர்விங்டன் நிலையம் ஒரு விருப்பத் தேர்வாகத் திட்டத்தில் இருந்தது. நகரம் பணம் கொடுத்தால் கட்டலாம் என்பதே ஏற்பாடு. நகரம் நம்பியிருந்தது மறுமேம்பாட்டு முகமையை. ஒரு பகுதியைச் சீரமைத்து, அதனால் உயரும் சொத்து வரியின் வளர்ச்சியைத் தனியே எடுத்து வைத்து அங்கேயே செலவிடும் அமைப்பு அது. கலிஃபோர்னிய அரசு தன் வரவுசெலவுப் பற்றாக்குறையின்போது மாநிலம் முழுவதும் இத்தகைய முகமைகளைக் கலைத்தது. 2012 பிப்ரவரி 1 அன்று அவை இல்லாமல் போயின. அதோடு ஃப்ரீமான்ட்டின் பங்கும் போயிற்று. தண்டவாளம் திட்டமிட்டபடி முன்னேறியது; நிலையம் மட்டும் பின்தங்கிற்று. அதே ஆண்டு நவம்பரில்தான் மெஷர் பி1 721 வாக்கில் தோற்றது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு நகரத்துக்கு ஓர் ஆண்டில் எத்தனை கதவுகள் மூடலாம் என்பது விளங்கும்.

2014-இல் கிடைத்த 12 கோடி டாலர் அந்தத் திட்டத்துக்கு உயிர் கொடுத்தது. நிலையத்தைச் சுற்றி வீடுகளும் கடைகளும் எப்படி அமைய வேண்டும் என்ற திட்டத்தை நகர மன்றம் 2019-இல் ஏற்றது. ஆனால் கட்டுமானச் செலவு அந்தத் தொகையைத் தாண்டி வளர்ந்துவிட்டது. மிச்சத்துக்கு மீண்டும் பட்டியல், மீண்டும் விண்ணப்பம், மீண்டும் பங்கு.

உங்கள் ஊரின் நிலையை அறிய விரும்பினால் எளிய வழி ஒன்று இருக்கிறது. ஃப்ரீமான்ட் போன்ற நகரங்கள் ஐந்தாண்டு மூலதனத் திட்டம் ஒன்றை வெளியிடுகின்றன. நகர மன்றம் அதை ஏற்கும் முன் பொதுமக்கள் பேசவும் இடம் தருகிறது. அதில் உங்களுக்கு அக்கறையுள்ள திட்டத்தைத் தேடி, மொத்தச் செலவைப் பார்த்தபின், அதற்கு எதிரே எந்தெந்த ஊற்றிலிருந்து எவ்வளவு என்று எழுதியிருப்பதைக் கூட்டிப் பாருங்கள். மொத்தத்துக்கும் கூட்டுத்தொகைக்கும் நடுவே இடைவெளி இருந்தால், அந்த மேம்பாலத்தின் கீழே ரயில் இன்னும் நிற்காமல் போவது ஏன் என்பதற்கான காரணம் அங்கே எண்ணாகவே எழுதப்பட்டிருக்கும்.